மேலேறிய மூன்று சுரங்கள்

இஸொத்தா ஏட்டை விரித்தபோது கட்டைவிரலில் தாள் சொரசொரத்தது. சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்பா எழுதிய மூன்று சுரங்களை யாரோ கத்தியால் சுரண்டிவிட்டு, வேறு மையில் கீழே இறக்கி எழுதியிருந்தார்கள்.

"இதை யார் திருத்தினது?"

"நான்தான்மா," என்றார் ஃபுல்வியோ. வெரோனாவின் சங்கீத சபையில் எந்தப் பாட்டு மேடை ஏறும், எது ஏறாது என்று சொல்கிறவர் அவர்தான். நாளை சபையின் மே மாத விழா. அப்பா பால்தஸ்ஸாரே ஐந்து குரல்கள் சேர்ந்து பாட எழுதிய கடைசி மட்ரிகல் பாட்டு அங்கே பாடப்பட வேண்டும். அதைக் காதால் கேட்டுவிட்டுப் போகத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதிரியார் வந்து சாகிறவர்களுக்கான கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போய் ஒரு மணி நேரமாகிறது. கட்டிலைச் சுற்றி ஃபுல்வியோவையும் சேர்த்து நான்கு பாடகர்கள், மேல்குரலுக்கு இஸொத்தா.

"'நீ சிரித்தாய், நான் இறந்தேன்'னு கடைசி வரி," என்றார் ஃபுல்வியோ. "இறந்தேன்ங்கிற இடத்துல மேல்குரல் ஏறுது. எவனாவது அப்படிப் போடுவானா? சாவுன்னா இறங்கணும். சொல் சொல்றதைத்தான் சுரமும் சொல்லணும்."

"செத்தவன் எல்லாம் கீழதான் போறானா, ஃபுல்வியோ?" கட்டிலிலிருந்து அப்பா கேட்டார். மூச்சு வாங்கியது. "உன் கதை எனக்குத் தெரியாதுப்பா. நான் பாவமன்னிப்பு வாங்கியாச்சு."

ரொட்டிக்கடை ஜாக்கோமோ சிரிப்பை இருமலாக்கினார்.

"மத்த நாலு ஏட்டையும் பார்த்தீங்களா?" என்றாள் இஸொத்தா.

"ஒரு ஏட்டைப் பார்த்தா போதாதா?"

அவரவர் ஏட்டில் அவரவர் குரல் மட்டும்தான் இருக்கும். ஐந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பாடினால்தான் தெரியும். இந்த ஊர்ப் பாடகர்களின் பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம்.

பாடினார்கள். அந்தச் சொல் வந்தது. நான்கு குரல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கின. இஸொத்தா ஏட்டைப் பார்க்கவில்லை. அப்பா எழுதியபடியே ஏறினாள். அவள் குரல் ஃபுல்வியோவின் அடிக்குரலோடு உரசிப் பல்லைக் கூசவைத்தது. ஃபுல்வியோ இன்னும் ஒரு படி இறங்கினார். உடனே எல்லாம் திறந்துகொண்டது. சாவு அவர் சொன்னபடியே இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் பாட்டில் சிரித்த அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது.

இஸொத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே தெருவில் ஒரு கழுதைக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றான்.

ஃபுல்வியோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு இப்படியேதான் பாடுறோம். இன்னொரு தடவை."

"இந்தத் தடவை காது குடுத்துக் கேளு," என்றார் அப்பா.

போர்வைமேல் அவர் விரல் தாளம் போட, மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசி வரிக்கு முன்னால் விரல் நின்றுவிட்டது. ஐந்து பேரும் பார்த்தார்கள். இஸொத்தா நிறுத்தவில்லை, ஏறினாள். நால்வரும் அவளுக்குக் கீழே இறங்கினார்கள்.

கடைசிச் சுரத்தை எழுதியிருந்த அளவைத் தாண்டியும் யாரும் விடவில்லை. ஃபுல்வியோவுக்கு மட்டும் மூச்சு அறுந்தது. ஒருமுறை இழுத்துக்கொண்டு, மறுபடி வந்து சேர்ந்துகொண்டார்.