யமுனா என்று மாற்றிய அத்தியாயம்

கருணையின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள், 2003-ஆம் ஆண்டு கொச்சி மட்டாஞ்சேரியில் விஸ்வேஸ்வரன் பேனாவைத் திறந்த நாளிலிருந்துதான் தொடங்கவேண்டும். இது விஸ்வேஸ்வரனின் அபிப்பிராயம். வேறு யாரையும் இதுவரை கேட்கவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்றவர். எச்.ஐ.வி.யோடு வாழும் பதினொரு குழந்தைகள் தங்கியிருந்த இல்லத்துக்கு நான்கு வருஷமாகக் கௌரவச் செயலாளர். செவ்வாய், வெள்ளி வருவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அந்த அனுபவங்களை நினைவுக்குறிப்பாக எழுதி முடித்துவிட்டார். சின்னப் புத்தகம்தான், அணிந்துரை மட்டும் ஆறு பேர்.

ஒரு வெள்ளிக்கிழமை அச்சுப்படியைக் கொண்டுவந்து, வராந்தாவில் நின்று ஏழாம் அத்தியாயத்தைத் தழுதழுத்த குரலில் வாசித்தார். கேட்டவர்கள் இரண்டே பேர்: சமையலும் மருந்தும் பார்க்கிற ஒச்சம்மாள், பதினான்கு வயது கங்கா. முடித்ததும் ஒச்சம்மாளின் கண்ணைப் பார்த்தார். கப்பைக்கிழங்கை நறுக்கிவிட்டு அழுகிறேன் சார் என்றாள் அவள்.

அத்தியாயம் கங்காவைப் பற்றியது. அதாவது, ‘யமுனா’வைப் பற்றியது. குழந்தைகளின் பேரை மாற்றுவதுதான் நெறி என்று முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பேர் மட்டும்தான் மாறியிருந்தது. யமுனா ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தமிழ்ப் பெண். பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் செண்டை மேளம் அடித்து மாவட்டத்திலேயே முதல் பரிசு வாங்கியவள். மட்டாஞ்சேரியில் அப்படி ஒருத்திதான் உண்டு. அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பது இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம்தான் வேறொரு பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடிச் சத்தம் போட்டு, இங்கிருந்த இரண்டு பிள்ளைகளின் படிப்பை நிறுத்தினார்கள்.

அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னாள் கங்கா. உண்மையை மறைப்பது இலக்கியத்துக்குச் செய்யும் துரோகம் என்றார் விஸ்வேஸ்வரன். தவிர, புத்தகம் தமிழில் வருகிறது, உன் பள்ளிக்கூடத்தில் தமிழை யார் வாசிக்கப்போகிறார்கள் என்றும் சமாதானம் சொன்னார். வெளியீட்டு விழாவில் அவள்தான் செண்டை அடிக்கவேண்டும் என்பதையும் அதே மூச்சில் நினைவூட்டினார்.

கங்கா சொன்னாள்:

“சாரே, மதுவந்தி அக்காவுக்கு வரன் பார்க்கிறீங்கல்லே. போன வாரம் இதே வராந்தாவில நின்னு, பொண்ணுக்கு இழுப்பு கிழுப்பு ஒண்ணும் கிடையாதுன்னு ஃபோன்ல சொன்னீங்க. அதையும் எழுதுங்க. எட்டாம் அத்தியாயம்.”

மதுவந்தி அவருடைய ஒரே மகள். மழைக்காலம் வந்தால் மூச்சுக்குத் திணறுவாள்.

“அது குடும்ப விஷயம், குழந்தே.”

“பேரை மாத்திடலாம் சாரே. கல்யாணின்னு போடுங்க. ஆருக்கும் தெரியாது.”

இந்த அத்தியாயத்துக்கு வேண்டுமானால் இப்போதே அழலாம் என்றாள் ஒச்சம்மாள்.

விஸ்வேஸ்வரன் பேனாவை எடுத்து ஏழாம் அத்தியாயத்தைக் குறுக்கே அடித்தார். எல்லாப் பக்கத்திலும் கோடு விழுந்திருக்கிறதா என்று கங்கா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை வழக்கம்போலப் பள்ளிக்குப் போனாள்.

அச்சகத்தில் பக்கம் குறைகிறது என்றார்கள். வேறொரு குழந்தையைப் பற்றி எழுதிக்கொடுத்தால் போதுமாம். விஸ்வேஸ்வரன் இரண்டு நாள் மேஜை முன்னால் உட்கார்ந்தார். மற்ற பத்துக் குழந்தைகளில் ஒருவர் பேரும் அவருக்குத் தெரியாது.