மும்பையிலிருந்து ரெண்டு மணி நேரம்

தங்கத்தாய் விடியற்காலையில் இறந்துபோனாள். எங்கள் இலத்தூர்ப் பக்கம் அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்றுதான் கொள்ளி வைக்கிற வழக்கம். இளையவன் மாரிராஜ் மும்பையில் இருக்கிறான். அவன் நூருன்னிசாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, மூத்தவன் சங்கிலிப்பாண்டி வீட்டில் யாரும் அவன் பெயரை எடுக்கக் கூடாது. ஆனால் சின்னவன் கையால்தான் போவேன் என்று கிழவி தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் அண்ணன் போன் போட்டான்.

சங்கிலிப்பாண்டி போலீஸ் ஏட்டு. நாலு பேர் முன்னால் நியாயவான் மாதிரி பேச அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தலுக்கு நடுவே நின்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினான்.

“மும்பையிலருந்து திருவனந்தபுரத்துக்கு பிளேன்ல ரெண்டு மணி நேரம். மத்தியானம் வரைக்கும் டைம் தாரேன். வந்தா நீ கொள்ளி வை. வரலன்னா நான் வைக்கேன்.”

கூட்டம் தலையாட்டியது. அதில் முக்கால்வாசிப் பேர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஒருவர் போனில் தேடிப்பார்த்து, ரெண்டு மணி அஞ்சு நிமிஷம் என்று திருத்தம் வேறு சொன்னார். மாரிராஜ் கெஞ்சினான். கிடைத்திருப்பதே பதினொரு மணி விமானம்தான், இறங்கினால் மலைப்பாதை, குற்றாலம் சீசன் கூட்டம் வேறு, எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும் என்றான். அண்ணன் போனை வைத்துவிட்டான்.

தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். போன வருஷம் ஒரு திருட்டு கேஸில் ஆளைப் பிடித்துக்கொண்டு சங்கிலிப்பாண்டியும் மும்பையிலிருந்து விமானத்தில்தான் வந்தான். காலையில் கிளம்பியவன் வீடு வந்து சேர இருட்டிவிட்டது. இடுப்பு விட்டுப்போச்சு என்று அனத்தியவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தது அவன் பெண்டாட்டி அனுசியா. அந்தக் கதையை ஒளிவுமறைவாக மாரிராஜுக்குப் போனில் சொல்லிச் சிரித்தவளும் அவள்தான். கிழவியைச் சாயங்காலம் வரை வைத்திருக்கலாமே என்று அவள் ஒருத்திதான் கேட்டாள். உள்ளே போ என்றான் புருஷன். போய்விட்டாள்.

மத்தியானம் எடுத்துவிட்டார்கள். அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் மாரிராஜ் வந்தபோது, ஆத்தாளைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதான். ரெண்டு மணி நேரப் பயணத்துக்கு ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டவன் என்று ஆளாளுக்கு அவனை வைதார்கள். அவன் சொன்ன கணக்கு ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. கடைசியில் வாசற்படியில் நின்ற அனுசியாவைப் பார்த்தான்.

“மைனி, நீங்க சொல்லுங்க. அண்ணன் மும்பையிலருந்து வந்த அன்னைக்கு எப்ப வீட்டுக்கு வந்தாவ?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சங்கிலிப்பாண்டியும் பார்த்தான். மாரிராஜ் நாளைக்குப் போய்விடுவான். அவள் இந்த வீட்டில்தான் காலம் தள்ள வேண்டும்.

“மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துட்டாவ” என்றாள்.

மறுநாள் சாம்பல் அள்ளவாவது மாரிராஜை விட வேண்டுமானால், பெத்தவளைக் காக்க வைத்த தப்புக்கு எல்லார் காலிலும் விழட்டும் என்றார் குற்றாலிங்கம் என்கிற பெரியவர். விழுந்தான். முதலில் அண்ணன் காலில்.