ரேடியோவில் பேசாத சகலைகள்

அரிமளத்துக்குக் கிழக்கே தைலமரக் காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த விமானத் தளத்தில் டவர் கிடையாது. இறங்கு என்று சொல்லவும் ஆள் இல்லை, இறங்காதே என்று தடுக்கவும் ஆள் இல்லை. ஒரு ரன்வே, ஒரு தகரக் கொட்டகை, மூன்று சின்ன விமானங்கள், பைலட் பயிற்சிப் பள்ளி என்று வெயிலில் வெளுத்த ஒரு போர்டு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு விமானங்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் கண் வேண்டும், அதைவிட வாய் வேண்டும். மேலே இருக்கிற ஒவ்வொருவரும் ரேடியோவில் நான் இன்னார், இங்கே வருகிறேன், இன்ன உயரம், அடுத்து இதைச் செய்யப் போகிறேன் என்று பொதுவாகச் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்கவில்லை என்றால் மற்றவர்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்க அங்கே இரண்டு வாத்தியார்கள் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. வெளியில் இருந்து கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அங்கே பறக்கிறவர்களுக்கு வந்ததில்லை.

உதயசூரியனும் வெற்றிச்செல்வனும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் உதயசூரியன், தங்கச்சியைக் கட்டியவன் வெற்றி. வெற்றியை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டதே உதயசூரியன்தான். அப்புறம் வெற்றி தன் மகனுக்குத் திருக்கோகர்ணத்தில் காதுகுத்து வைத்தான். பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு வரிசையாக நாற்பத்தேழு பெயர்கள். பக்கத்து வீட்டு நண்டு சிண்டு வரைக்கும் இருந்தது. பையனுக்குப் பெரியப்பா முறை ஆகிற உதயசூரியனின் பெயர் மட்டும் இல்லை. பிரஸ்காரன் விட்டுவிட்டான் என்றான் வெற்றி. “பிரஸ்காரனுக்கா நான் சகலை?” என்று கேட்டுவிட்டு உதயசூரியன் விசேஷத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஊரே வந்த இடத்தில் சகலை வராதது வெற்றிக்குத் தலைகுனிவு. அன்றைக்கு மூடிய வாய்கள்தான் இரண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் பேசுகிறவன் தப்பை ஒத்துக்கொண்டவன். அதனால் சாவு வீட்டில்கூட பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்ப்பார்கள். அவசரம் என்றால் நடுவில் இன்னொரு ஆளை வைத்துப் பேசுவார்கள். ஆபீஸில் அந்தப் பாவப்பட்ட ஆள் கிளார்க் அமராவதி.

“அமராவதி, பெட்ரோல் வண்டி பத்து மணிக்குத்தான் வருதாம். அங்கிட்டு சொல்லிருங்க” என்பார் உதயசூரியன்.

“கேட்டுச்சுன்னு இங்கிட்டிருந்து சொல்லிருங்க” என்பான் வெற்றி. இரண்டு மேசைக்கும் நடுவே இடைவெளி ஆறடி.

வானத்தில் அமராவதி கிடையாது. முன்பெல்லாம் வெற்றி பத்து மைலில் ஒரு தடவை, ஐந்து மைலில் ஒரு தடவை, ரன்வேக்கு நேராகத் திரும்பியதும் ஒரு தடவை என்று இடம் சொல்லிக்கொண்டே வருவான். இப்போது உதயசூரியன் அலைவரிசையில் இருந்தால், ஒரே ஒரு தடவை, கடனே என்று முனகிவிட்டு நிறுத்திக்கொள்வான். உதயசூரியனும் லேசுப்பட்டவர் இல்லை. வெற்றி சொன்னது பாதி புரிந்தாலும் ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்க மாட்டார். கழுத்தை வளைத்து வளைத்து வானத்தைத் துழாவித் தானே கண்டுபிடித்துக்கொள்வார். மூன்று வருடமும் கண்டுபிடித்துக்கொண்டே வந்துவிட்டதால் அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை காலையில் மோகனப்ரியா முதல் முறையாகத் தனியாகப் பறக்கப் போனாள். இலுப்பூர்ப் பெண். உதயசூரியனின் பதினாறு வருட சர்வீஸில் இத்தனை நிதானமான கை எந்தப் பிள்ளைக்கும் வாய்த்ததில்லை. அதை அவர் அவளிடம் சொன்னதில்லை, வீட்டில் சொல்லியிருக்கிறார். அவளுடைய அப்பா பெரியண்ணன் கடலைக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மகளோடு வந்து, கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றார்.

“ஒரே ஒரு சுத்து. ஏறு, சுத்தி வா, எறங்கு. நான் ரன்வே ஓரத்துல ரேடியோவோட நிக்கிறேன்” என்றார் உதயசூரியன்.

“சரி சார்.”

“என்ன தப்பு வந்தாலும் நான் சொல்றதக் கேளு.”

“கேக்குறேன் சார்.”

அவர் கதவை அடைத்துவிட்டு விலகினார். இனி அந்த விமானத்தில் அவள் மட்டும்தான். கை தவறினால் பிடித்து இழுக்கப் பக்கத்து சீட்டில் வாத்தியார் இல்லை. ஏறிய விமானம் தைலமரங்களைத் தாண்டியபோது அவர் ரேடியோவோடு ரன்வே ஓரத்தில் நின்றிருந்தார்.

அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் மணி மணியாக இடம் சொன்னாள். ரன்வேக்கு இணையாகப் போகிறேன், இடது பக்கம் திரும்புகிறேன். உதயசூரியனுக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். “நல்லா வார, உயரம் சரியா இருக்கு, வேகத்த மட்டும் பாத்துக்க” என்று பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேசி முடித்து விரலை எடுத்த நொடியில் ரேடியோவில் ‘கீச்’ என்று ஒரு சத்தம் அறுந்து நின்றது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மாணவர்களுக்கு முதல் வாரமே நடத்துகிற பாடம் அது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் விளங்காது, கீச்சொலிதான் மிஞ்சும். உடனே ‘பேசியது யார், திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். பேசியது யார் என்றும் அவருக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் விடிகாலையில் போன வெற்றியைத் தவிர அன்றைக்கு வெளியே வேறு விமானமே இல்லை.

கேட்கவில்லை. வேண்டுமென்றால் அவனே இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நினைத்தார். அவன் எங்கோ தூரத்தில்தான் இருப்பான் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மோகனப்ரியா ரன்வேக்கு நேராகத் திரும்பி இறங்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் காலைச் சூரியன். உதயசூரியன் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். சின்ன வெள்ளைப் புள்ளி பெரிதாகி வந்தது. அதற்கு மேலே, கொஞ்சம் பின்னால், வெயிலுக்குள்ளிருந்து இன்னொன்று வந்தது.

வெற்றி சுற்றி வராமல், வந்த வழியிலேயே நேராக இறங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய விமானத்துக்கு இறக்கை அடியில் இருக்கிறது, கீழே இருப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. அவளுடையதற்கு இறக்கை தலைக்கு மேல், மேலே இருப்பது அவளுக்குத் தெரியாது. மேலே இருந்தவன் வேகமாக வேறு வந்தான். நடுவில் ஒரு தென்னைமர உயரம் இருந்தால் அதிகம்.

பட்டனை அழுத்தினார். வாயில் வெற்றி என்ற பெயர் வரவில்லை. மூன்று வருடம் பழகிய நாக்கு வழக்கமான வழிக்கே போனது.

“பிரியா, ஒனக்கு மேல ஒரு விமானம் வருது. வாரவங்க கொஞ்சம் பாத்து வந்தா நல்லாருக்கும்” என்றார்.

ஆபீஸில் அமராவதியைப் பார்த்துப் பேசுகிற அதே பேச்சு. ஒரு பிள்ளையின் உயிருக்கு மேலே இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஜாடை பேசினார் அந்த மனுஷர்.

வெற்றியின் விமானம் இம்மியும் அசையவில்லை. அலைவரிசையில் சகலையின் குரல் கேட்டாலே, அதில் யார் பேசினாலும் காதில் வாங்காத பழக்கம் அவனுக்கு.

“சார்... தரையில ரெண்டு நெழலு தெரியுது சார்” என்றாள் மோகனப்ரியா. “இஞ்சினக் கூட்டி மேல ஏறவா?”

“ஏறாத! ஏறாத! அப்படியே எறங்கு!” என்று அலறினார். ஏறினால் நேராக அவன் வயிற்றில்தான் போய் முட்டுவாள். விலக வேண்டியவன் மேலே இருப்பவன். அவனிடம் பேசியே ஆக வேண்டும். அப்போதுதான் அந்தத் தொண்டை திறந்தது.

“வெற்றி! ஏறு! வெற்றி, மேல ஏறுடா! ஒனக்குக் கீழ என் புள்ள இருக்குடா!”

மேலே இருந்த விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு, இஞ்சின் கத்த, வலது பக்கமாக விலகி ஏறியது. அதன் சக்கரத்துக்குக் கீழே அவள் இறக்கை தப்பியதை உதயசூரியன் பார்த்தார். மோகனப்ரியாவின் விமானம் ஒரு தடவை குதித்து, மறுபடி தரையைத் தொட்டு, ரன்வேயின் பாதியில் ஓரப் பாதைக்குத் திரும்பி நின்றது.

வெற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, ஹெட்செட்டைக் கழற்றாமலே ஓடிவந்தான். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை.

“நான் அஞ்சு மைல்ல சொல்லிட்டுத்தான வந்தேன்? இங்க யாருக்கும் காது இல்லையா?”

“ஒரே ஒரு வாட்டி முனகுனா போதுமா? அடுத்த வாட்டி சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?”

“நீங்க கேட்டா என்ன? கேட்டா கொறஞ்சா போயிருவீங்க? பேசுனத மறிச்சுப் பேசிட்டு, இப்ப ஏங்கிட்ட பாய வாறீங்க!”

“புள்ள தனியா வருதுன்னு நேத்தே ஆபீஸ் போர்டுல எழுதியிருக்கு. படிச்சியா?”

“எழுதுனது நீங்க. நான் எதுக்குப் படிக்கணும்?”

மூன்று வருடத்துக்குப் பிறகு சகலைகள் பேசிய பேச்சு இது. கொட்டகை வாசலில் நின்ற அமராவதி “நீங்கள்லாம் மனுஷங்களா?” என்று கேட்டாள். இருவர் காதிலும் விழவில்லை. உதயசூரியன் அவன் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டியபோது குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது வேலிப்பக்கமிருந்து ஓடிவந்த பெரியண்ணன்.

“சார்,” என்றார் பெரியண்ணன். அழுதுகொண்டிருந்தார். “நீங்க மட்டும் அந்தக் கத்து கத்தலன்னா எம்புள்ள இல்ல சார். ஒங்களக் கையெடுத்துக் கும்புடணும்.” உதயசூரியனின் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்ட ஈரம் சுட்டது. கையை இழுத்துக்கொள்ளவும் உதயசூரியனுக்குத் தைரியம் இல்லை.

மோகனப்ரியா விமானத்திலிருந்து இறங்கி மெதுவாக நடந்து வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்பா, அவரு கைய விடுங்க” என்றாள்.

“ஏம்மா?”

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. “சார், நான் திரும்புறப்ப ரேடியோவுல ஒரு கீச்சுச் சத்தம் வந்துச்சு. எனக்கும் கேட்டுச்சு. யாரு பேசுனது, திரும்பச் சொல்லுங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அப்புறம், கீழ சார் நிக்கிறாரு, அவரு கேப்பாருன்னு விட்டுட்டேன். நீங்க ஏன் சார் கேக்கல?”

சொல்வதற்கு எத்தனையோ பொய் இருந்தது. சரியாகக் கேட்கவில்லை, பேட்டரி கம்மி, சூரியன் கண்ணில் அடித்தது. வெற்றி பக்கத்தில் மூச்சு வாங்க நின்றான். அவன் முன்னால் இதைச் சொல்வதைவிடச் சாகலாம் என்று இருந்தது உதயசூரியனுக்கு. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல மட்டும் முடியவில்லை.

“பேசுனது இவன்தான்னு எனக்குத் தெரியும்,” என்றார். “இவன்ட்ட மொதல்ல நான் பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன்மா.”

வெற்றி தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியண்ணனுக்கு விமானமும் ரேடியோவும் தெரியாது. முதலில் யார் பேசுவது என்கிற இந்த வீம்பு தெரியும், இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்திருந்த கைகளை விட்டார். விட்ட கையைத் தன் வேட்டியில் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மகளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.