இன்டர்நெட் முடியும் இடம்

மூன்று வருடத்தில் நாற்பத்தாறு பள்ளிக்கூடங்களுக்கு இணைய இணைப்பு கொடுத்திருக்கிறேன். அதில் நாற்பத்தைந்து நிஜம்.

மிச்சம் ஒன்றில், பள்ளிக்கும் டவருக்கும் நடுவே ஒரு பெரிய மேடு. கூரைமேல் முப்பதடிக் கம்பம் நட்டால்தான் சிக்னல் கிடைக்கும். கம்பம் வந்து சேரவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் அடுத்த மாசம் வரும்யா. நீ போட்டோவ அனுப்பு" என்றார். எங்கள் வேலையில் போட்டோதான் எல்லாம். பிள்ளைகள் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்க வேண்டும், திரையில் ஓர் இணையப் பக்கம் தெரிய வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும் தலைமை அலுவலக வரைபடத்தில் அந்தப் பள்ளியின் புள்ளி பச்சையாகிவிடும். பென்டிரைவில் கிடந்த ஏதோ ஒரு பக்கத்தை ஏற்றித் திறந்து வைத்தேன். பிள்ளைகள் பல்லைக் காட்டினார்கள். புள்ளி பச்சையானது. கம்பம் வருமென்று நம்பித்தான் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அன்று மாலையே மறந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து என் அக்காவை அங்கே தலைமை ஆசிரியையாக மாற்றினார்கள். எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்க, என் நேரம், அதே பள்ளிக்கூடம்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலை போன் வந்தது.

"டேய், இங்க நெட்டே வரலடா. தலைமை ஆபீசுக்கு மூணு தடவ எழுதிப் போட்டுட்டேன். 'தங்கள் பள்ளியில் இணையம் இயங்குகிறது'ன்னு ஒரு போட்டோவத் திருப்பித் திருப்பி அனுப்பறானுங்க. இருபத்திரண்டு பசங்க விடுதிப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பச்சைப் புள்ளி வெச்ச பள்ளி சொந்த இணைப்புலதான் அனுப்பணுமாம், காகிதத்துல குடுத்தா வாங்க மாட்டாங்களாம். நீ உடனே வா."

போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். அக்காவிடம் செல்லுபடியாகிற காரணம் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

நெட் வராததால் அக்கா பூட்டியே வைத்திருந்த கம்ப்யூட்டர் அறையை எனக்காகத் திறந்தாள். சத்தம் கேட்டு ஏழாம் வகுப்பு மொத்தமும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டது. முன்னால் நின்ற குட்டிப் பெண் என்னைப் பார்த்ததும் கத்தினாள். அவளை எல்லோரும் பட்டாணி என்றார்கள்.

"டீச்சர், இந்த சார்தான் நமக்கு இன்டர்நெட் குடுத்தாரு!"

"நீயாடா? சொல்லவே இல்ல?" என்றாள் அக்கா. நான் குனிந்து, ஒரு தப்பும் செய்யாத ஒயரை ஆராய்ந்தேன்.

"நல்லா வேல செய்யுது சார்" என்றாள் பட்டாணி. "பழைய டீச்சர் வாரத்துக்கு ரெண்டு பீரியட் விட்டாங்க. நாங்க முழுசாப் படிச்சு முடிச்சிட்டோம்."

"எத?"

"இன்டர்நெட்ட."

கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தாள். நீலத் திமிங்கலம் மீன் அல்ல, பாலூட்டி. பிறந்த குட்டியே ஏழு மீட்டர் நீளம் இருக்கும். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வரி பிசகவில்லை. 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்' என்பதையும் ராகம் போட்டுச் சொன்னார்கள்.

"அதச் சொடுக்குனா ஒண்ணும் வராது சார். அங்கதான் இன்டர்நெட் முடியுது."

அக்கா பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "சின்ன வயசுல என் பேனாவ உடைச்சு ஒளிச்சு வெச்சப்பவும் உனக்கு இதே மூஞ்சிதான். சொல்லு."

சொன்னேன். ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. விடவில்லை.

"காகிதத்துல வாங்க வைக்க என்ன வழி?"

"புள்ளி சிவப்பாகணும். இணைப்புக் குடுத்தவனே, குடுக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"வேல போயிடும்கா."

"இருபத்திரண்டு பேருடா" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பத்தை அனுப்பாதவன் ஹாயாக இருக்கிறான், ஒரு போட்டோ எடுத்தவன் தலையா உருள வேண்டும்? வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை வேறு. பக்கத்து வகுப்பில் திமிங்கலத்தை ஒப்பிப்பது இன்னும் ஓயவில்லை. பேப்பர் கேட்டு வாங்கினேன். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தேன். அக்கா சிவப்பு மையால் அதை அடித்தாள். 'நான் பொய்யான போட்டோ அனுப்பினேன்' என்று எழுதினேன்.

அன்றே தலைமை அலுவலகத்தில் கொடுத்தேன். வியாழக்கிழமை மதியம் புள்ளி சிவப்பானது. சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை காலை அக்கா இருபத்திரண்டு காகித விண்ணப்பங்களையும் கொடுத்து, ரசீது வாங்கிவிட்டாள்.

"அவங்களுக்குக் கடுதாசி எழுதிட்ட" என்றாள், பள்ளிக்கூடத்தில் காத்திருந்த என்னிடம். "பசங்களுக்கு யாரு சொல்றது?"

கடிதம் எழுதியது எவ்வளவோ சுலபம். வகுப்பின் முன்னால் போய் நின்றேன்.

"நீங்க படிச்சது இன்டர்நெட் இல்ல. அது ஒரே ஒரு பக்கம். நான் உங்கள ஏமாத்திட்டேன்."

பட்டாணி எழுந்தாள்.

"அப்ப திமிங்கலமும் பொய்யா?"

"இல்லம்மா, திமிங்கலம் நிஜம்."

அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தாள். ஆமாம் என்று அக்கா தலையாட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.