தலை குனிந்து வாசித்த கதை

எங்கள் மயிலை இலக்கிய மாலையில் ஒரு சட்டம் இருந்தது. எழுதியவர் தம் கதையைத் தாமே வாசிக்கக் கூடாது, பெயரையும் போடக் கூடாது. ஜனங்கள் பெயரைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள், இனிமேலாவது எழுத்துக்குத் தட்டட்டும் என்று தலைவர் வேதாந்தம் சார் கொண்டுவந்த சட்டம். அவர் ஹைக்கோர்ட்டு வக்கீல். சட்டம் இல்லாமல் அவருக்குக் காப்பிகூடத் தொண்டையில் இறங்காது. எல்லாக் கதைகளையும் ஒரே ஆள்தான் வாசிக்க வேண்டும் என்று முடிவானபோது அத்தனை பேரும் என் தம்பி விக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விக்டருக்கு அப்படி ஒரு குரல். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் சாந்தோம் கோயிலில் அவன் ஆண்டவருடைய பாடுகளை வாசித்தால், மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்த குப்பத்துப் பெண்கள், கூடையில் பூனை வாய் வைப்பதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டு நிற்பார்கள். பகலில் அவன் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கச்சேரி ரோட்டு மாடி ஹாலில், எங்கள் எழுத்தாளர்களின் குரல். நான் எழுதுகிறவள் இல்லை. பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தம்பிக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருப்பேன்.

பெயர் போடாவிட்டால் தெரியாமல் போய்விடுமா என்ன? ஜமீன்தார் மகள் க்ஷயரோகத்தில் இருமி இருமிச் செத்தால் அது வேதாந்தம் சார் கதை. ரயிலடியில் காதலர்கள் பிரிந்தால் அது மூக்குக்கண்ணாடிக் கடை ஷஃபியுல்லா பாய் கதை. அந்த ஜமீன்தார் மகள் எத்தனை மாதம் செத்தாலும் சரி, விக்டர் வாசித்தால் ஹால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். வேதாந்தம் சார் ஒன்றும் தெரியாதவர்போல் கூரையைப் பார்த்துக்கொண்டு, யாரோ தேர்ந்த கைதான் இதை எழுதியிருக்கிறது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விக்டரும் எழுதுகிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷத்தில் நாலு கதைகளை மற்றவர்களுடைய காகிதங்களுக்கு நடுவில் சொருகிவிட்டான். தன்னுடையது வந்ததும் தலையைக் குனிந்துகொள்வான். குரல் கம்மிவிடும். கடன் கேட்க வந்தவன் மாதிரி முணுமுணுத்து முடித்துவிடுவான். சரியாக அந்த நேரத்தில்தான் சபையோருக்குக் காப்பி ஞாபகம் வரும். நாலு கதையைப் பற்றியும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்டா இப்படிப் பண்ணுகிறாய் என்று ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"நான் எழுதினதை நானே குரலை ஏத்தி வாசிச்சா, என்னை நானே மெச்சிக்கிற மாதிரி இருக்குக்கா. வாய் வர மாட்டேங்குது" என்றான்.

அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்து வரும் கூட்டத்துக்கு ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்த ஒரு கதை, எழுதியவர் பெயரோடு அச்சில் வரும். மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் வரை எல்லோருக்கும் திடீரென்று எழுத்து சுரந்தது. விக்டர் ஐந்தாவது கதையை எழுதினான். எழுதிவிட்டு, "விக்டர்னு மட்டும் போட்டாப் போதுமா, இல்ல எஸ். விக்டர்னு போடணுமாக்கா?" என்று கேட்டான். மறுநாள் சாப்பிடும்போதும் அதையே கேட்டான். ஒன்றுக்கும் ஆசைப்படாத பிள்ளை. எப்படியாவது இவன் பெயர் அச்சில் வந்துவிட வேண்டும் மாதாவே என்று நான் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் அவனே கோயிலில் வாசித்தான். ஈஸ்டர் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செய்தி பரவியதும் எங்கள் எழுத்தாளர்கள் துடித்துப்போனார்கள். வேதாந்தம் சார் வீட்டிலிருந்து பனங்கற்கண்டும் மிளகும் வந்தன. ஷஃபியுல்லா பாய் சித்தரத்தையை எடுத்துக்கொண்டு தாமே வந்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். போன மார்கழியில் இதே விக்டர் ஜுரத்தில் கிடந்தபோது இவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜுரம் அடித்தது கூட்டத்துக்கு மறுநாள்.

எந்த மருந்துக்கும் தொண்டை மசியவில்லை. அன்றைக்கு மட்டும் சட்டத்தை ஒத்திவைத்து, அவரவர் கதையை அவரவரே வாசிப்பது என்று வேதாந்தம் சார் தீர்ப்பளித்தார். தாமே முதலில் எழுந்தார். மீசைக்குள்ளேயே வாசித்தார். ஜமீன்தார் மகள் இருமுகிற இடத்தில், தத்ரூபமாக இருக்கட்டும் என்று தாமும் இருமினார். முன் பெஞ்சிலிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்ட, ஹால் சிரித்துவிட்டது. ஷஃபியுல்லா பாய் மெயில் வண்டி வேகத்தில் வாசித்தார். காதலர்கள் பிரிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு வருஷமாக நாங்கள் எதற்காக அழுதோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் விக்டர் தன் காகிதங்களை என் கையில் திணித்தான். எனக்குத் தெரிந்தது மூன்றாம் வகுப்பு வாசிப்புதான். வார்த்தை வார்த்தையாக, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, புள்ளி வந்தால் நின்று வாசித்தேன். சாவுக்கு பேண்டு வாசிக்கப் போகும் ஒரு டிரம்காரனைப் பற்றிய கதை. அவன் பெண்டாட்டி சாகிறாள். அன்றைக்கு பேண்டில் ஓர் ஆள் குறைகிறது. அவனே டிரம்மை மாட்டிக்கொண்டு அவள் சவப்பெட்டிக்கு முன்னால் நடக்கிறான். தெருவே காறித் துப்புகிறது. தாளம் தப்பினால் அவளுக்குப் பிடிக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறான்.

முடித்தபோது காப்பி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆசிரியர் எழுந்து வந்து எனக்குக் கும்பிடு போட்டார். தாளில் பெயர் இல்லை, அன்றைக்கு எல்லோரும் சொந்தக் கதையைத்தானே வாசித்தார்கள். நான் உடனே, எழுதியது என் தம்பி என்று சொல்லி விக்டரைக் காட்டினேன். வேதாந்தம் சார் சிரித்தார்.

"டீச்சருக்கு அடக்கம் ஜாஸ்தி. விக்டர் வாசிக்கறவன் சார். அவன் எழுதறவனா இருந்தா இந்த ரெண்டு வருஷத்துல எங்களுக்குத் தெரியாமப் போயிடுமா?"

ஆசிரியர் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நயமாகவே சொன்னார். ஆண்பிள்ளைகள் கதை ஆபீசில் மேஜை கொள்ளாமல் கிடக்கிறதாம். அதில் இதையும் சேர்த்தால் எப்போது முறை வரும் என்று அவராலேயே சொல்ல முடியாதாம். ஸ்திரீ ஒருத்தி இப்படி எழுதியிருக்கிறாள் என்றால் அடுத்த இதழிலேயே போட்டுவிடலாமாம்.

நான் விக்டரைப் பார்த்தேன். சொல்லடா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் வாயைத் திறந்தான். காற்று வந்தது. மூடிக்கொண்டான். அந்தக் காகிதங்களைப் பார்த்தான். பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டித் தலையை ஆட்டினான்.

கச்சேரி ரோடு முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். பதில் பேச முடியாத ஆளைத் திட்டுவது போன்ற வசதி வேறு கிடையாது, ஆனாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. எங்கள் தெரு முனையில் நின்று, காதருகே வந்து, "கதையாவது வெளிய வரட்டும்கா" என்று காற்றாகச் சொன்னான்.

கதை வந்தது. மேலே என் பெயர், 'ஸ்ரீமதி டோரதி அம்மாள்' என்று பூ வேலைப்பாடு போட்ட எழுத்தில் இருந்தது. கோயிலில் சாமியார் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் மறுத்தேன். மறுக்க மறுக்க என் அடக்கத்தின் புகழ் பெருகியதுதான் மிச்சம்.

அடுத்த கூட்டத்துக்கு வேதாந்தம் சார் பத்திரிகையோடு வந்தார். சபையின் பெருமையைச் சபையே கேட்க வேண்டாமா என்று அதை விக்டர் கையில் கொடுத்தார். அதற்குள் அவன் தொண்டை சரியாகியிருந்தது. அவன் எழுந்தான். முதலில் என் பெயரைத் தெளிவாக வாசித்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

அந்தக் கதையை அவன் அப்படி வாசிப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. கோயிலில்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கொஞ்சமும் கூச்சமில்லை. அடுத்தவர் எழுத்துக்கு என்ன கூச்சம்? டிரம்காரன் பெட்டிக்கு முன்னால் நடந்தபோது ஷஃபியுல்லா பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நானும் அழுதேன். பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

கைதட்டல் ஓய்ந்ததும் வேதாந்தம் சார் சபையைப் பார்த்துச் சொன்னார். "பாத்தேளா? நல்ல கதைன்னு ஒண்ணு கையில கிடைச்சா விக்டருக்கே குரல் எப்படி வரது பாருங்கோ." பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்த கதை எப்போது என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் எழுந்தேன். அதற்குள் விக்டர், இன்னும் இறங்காத அதே குரலில், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"எழுதிக்கினு இருக்காங்க சார்."