துபாயிலிருந்து நாலு மணி நேரம்

"நாலே மணி நேரம்தான் மச்சான். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டரு. காலையில பத்துக்குத் துபாய்ல ஏறுறான், ரெண்டுக்கு மீனம்பாக்கத்துல எறங்குறான்."

"பொட்டி எடுக்க?"

"ஒரு மணி நேரம் வச்சுக்க. கார்ல நாலு. ஏழு மணிக்கு நம்ம கையில."

பழனிவேல் பத்தாவது தடவையாகச் சொன்னான். கடலூர் பிரவுசிங் சென்டரில் பார்த்து, சிகரெட் அட்டையின் பின்னால் எழுதி வந்த கணக்கு அது. கதிர்வேல் அட்டையைப் பார்க்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டிய வேகத்தடையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடலுக்கு மேல் அவ்வளவு தூரம் பறந்து வருகிறவனை நிறுத்த இந்த மேடு போதும் என்பது விசித்திரமாக இருந்தது.

கதிர்வேலின் தங்கை சிந்துஜா வீட்டுக்குத் தெரியாமல், துபாயில் வேலை பார்க்கும் அன்பரசுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, சிதம்பரத்தில் தோழி வீட்டில் இருந்தாள். இன்று அவன் வந்து அவளையும் துபாய்க்குக் கூட்டிப் போகப்போகிறான். அவன் சிதம்பரம் போய்ச் சேரக் கூடாது. கதிர்வேலுக்கு வேண்டியது அவ்வளவுதான். சட்டைக்குள் அரிவாள் உடம்புச் சூட்டுக்கு வந்திருந்தது.

ஏழடிக்கப் பத்து நிமிடம். மேலே அட்டைப்பெட்டிகள் கட்டிய வெள்ளைக் கார் ஒன்று மேட்டில் ஏறித் தயங்கியது.

"அவன்தான்டா!"

பழனிவேலின் இரும்புக் குழாய் முன்கண்ணாடியில் இறங்கியது. கதிர்வேல் பின்கதவைப் பிடுங்கித் திறந்தான். இருட்டுக்குள் இரண்டு கைகள் முகத்தை மறைத்தன. அந்தக் கைகளின் மேலேயே வெட்டினான். எலும்பில் சிக்கிய அரிவாளை உருவி மறுபடி தோளில் வெட்டினான். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டபோது, ஹெட்லைட் வெளிச்சத்தில் நரைத்த தலை தெரிந்தது.

"யாருப்பா நீங்க? நான் ராமாமிர்தம்... சிங்கப்பூர்லேர்ந்து வர்றேன். என்ன ஏன்ப்பா?"

பழனிவேல் டிரைவரின் கழுத்தைப் பிடித்தான். "துபாய்க்காரன் எங்கடா? ரெண்டு மணி பிளைட்டு!"

"ரெண்டு மணிக்கு ஏதுண்ணே துபாய் பிளைட்டு? மூணரைக்குதான் எறங்கும். அங்க பத்துன்னா இங்க பதினொண்ணரை. தெனம் ஏர்போர்ட்ல நிக்கிறவன்ணே நானு, விட்டுடுண்ணே."

பழனிவேல் விரல் விட்டு எண்ணினான். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப அவன் இன்னும் வரல மச்சான்! எட்டரைக்கு வருவான். இவுங்களப் பள்ளத்துல தள்ளிட்டு நிப்போம்." கார் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கதிர்வேல் அசையவில்லை. வடக்கே சாலை காலியாகக் கிடந்தது. காலடியில் ரத்தம் செருப்புக்குள் வெதுவெதுப்பாக நுழைந்தது. வெட்டுப்படாத விரல்களால் அந்த மனிதர் அவன் கணுக்காலைத் தொட்டார்.

"தம்பி... கடலூர் ஆஸ்பத்திரி பக்கம்தானே. டிரைவர்கிட்ட சாவியக் குடுக்கச் சொல்லுங்க தம்பி."