எட்டு வருடக் கையெழுத்து

டாக்டருக்கு அந்த நாற்காலி கிடைத்தது ஒரு குடலிறக்க அறுவை சிகிச்சையின் புண்ணியத்தில். கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் முதலாளி அவருக்குக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் உருண்ட காலத்திலிருந்து நண்பர். முதலாளிக்குத் தையல் பிரித்த அன்று கட்டிலில் படுத்தபடியே அவர் பேச்சை எடுத்தார்.

“டேய், எங்க போர்டுல ஒரு வெளியாள் இருக்கணுமாம். புதுசா சட்டம் போட்டிருக்காங்க. நீ வந்துடு.”

“கணக்கைப் பத்தி எனக்கு என்னடா தெரியும்?”

“அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன்.”

இருவரும் சிரித்தார்கள். வயிறு வலிக்குமென்று முதலாளி பாதியில் நிறுத்திக்கொண்டார். டாக்டர் மீதியையும் சேர்த்துச் சிரித்துத் தீர்த்தார். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

போர்டில் ஆறு பேர். முதலாளி, அவர் தம்பி, மகன், மகனின் மாமனார், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், ஆறாவதாக டாக்டர். சம்பந்தி என்பவர் சட்டப்படி உறவினர் இல்லையாம். பெண்ணைக் கொடுத்தவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீதிபதி கூட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார். ஆக, முழு வெளியாள், முழு விழிப்போடு இருப்பவர் என்று பார்த்தால் டாக்டர் ஒருவர்தான். அவரையே தணிக்கைக் குழுவுக்குத் தலைவராகவும் ஆக்கினார்கள். குழுவின் மற்ற இருவர் தம்பியும் சம்பந்தியும்.

ஆண்டறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அறிக்கை தயாராவதற்கு இரண்டு வாரம் முன்பே அதன் கடைசித் தாள் மட்டும் தனியாக ஒரு பழுப்பு உறையில் கிளினிக்குக்கு வரும். கடைசி நேரத்தில் ஆளுக்கு ஒரு ஊரில் இருப்பார்கள், அதற்காக இந்த ஏற்பாடு என்றார்கள். கிளினிக் நர்ஸ், எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடும் அம்மாள், அந்தத் தாளை விடுப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து அடுக்கி டாக்டர் முன்னால் வைப்பார். எங்கே போட வேண்டும் என்று விரலும் வைப்பார். டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே சரசரவென்று போட்டுத் தள்ளுவார். மேலே வர வேண்டிய நூறு பக்கமும் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். எட்டு வருடம் இப்படியே ஓடியது.

இந்த வருடத் தாளில் கையெழுத்துப் போட்ட மறுநாள், ஊசிக் குப்பிகளை எண்ணி வைத்துக்கொண்டே சிஸ்டர் கேட்டார்:

“நம்ம கம்பெனில புதுப் பங்கு குடுக்கறாங்களாமே, டாக்டர்? பழைய பங்கு இருக்கறவங்களுக்கு விலை குறைச்சலாம். மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. போடலாமா?”

டாக்டர் ஒரு குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல கம்பெனிதான் சிஸ்டர்,” என்றார், டார்ச்சை அணைக்காமல்.

சிஸ்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நடக்க முடியாத அக்காவோடு இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தார். சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்று இருபத்தாறு வருடமாகச் சேர்த்துவந்தார். அந்தப் பணத்தை எதில் போட்டிருக்கிறார் என்று டாக்டர் ஒருநாளும் கேட்டதில்லை.

நான்காம் நாள் பதினாலாம் டோக்கனில் ஒரு பெண் உள்ளே வந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

“நான் தணிக்கையாளர் சார், புட்டி கம்பெனிக் கணக்கைப் பார்க்கறவ. தணிக்கைக் குழுத் தலைவர் நீங்கதானே?”

‘ராங் நம்பர்’ என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது டாக்டருக்கு. “ஆமா,” என்றார்.

“கூட்டத்துல உங்ககிட்ட தனியா பேச விடறதே இல்ல. அதான் டோக்கன் போட்டு வந்துட்டேன்.”

அவர் நீட்டியது ஒரு கடிதத்தின் நகல். தொழிற்சாலையில் செய்யும் புட்டிகளில் பாதிக்கு மேல் வாங்கும் மருந்து நிறுவனம் எழுதியது. இனி எல்லாம் பிளாஸ்டிக், ஆறு மாதத்தில் கொள்முதலை நிறுத்துகிறோம் என்று இரண்டே வரி. கடிதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

“இதை அறிக்கையில சொல்லியே ஆகணும்னு எழுதிக் குடுத்தோம் சார். குழு பார்த்துட்டு வேண்டாம்னு முடிவு பண்ணிடுச்சுன்னு பதில் வந்தது. தலைவர் கையெழுத்தும் இருக்கு.”

“என் கையெழுத்தா?”

தணிக்கையாளர் அந்தப் பதிலின் கடைசித் தாள் நகலையும் காட்டினார். டாக்டர் பேந்தப் பேந்த விழித்தார். கையெழுத்து அவருடையதுதான். பழுப்பு உறையில் வந்துபோன அதே தாள்.

“வெளியில வர்ற வரைக்கும் இது உங்களுக்குள்ளயே இருக்கணும் சார். ஒருத்தருக்குச் சொல்லி அவங்க மட்டும் தப்பிச்சா, அது குத்தம். சொன்னா எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லணும்.”

அன்று மதியம் சிஸ்டர் புதுப் பங்குக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். டாக்டர் பக்கத்தில் போய் நின்றார். காதும் காதும் வைத்ததுபோல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் நின்றது. வெளியே வராந்தாவில் எண்ணெய்க் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். “டாக்டர் இருக்கற கம்பெனி” என்று மகள் பேரில் பங்கு வாங்கியவர். அவருக்குப் பின்னால் ஓய்வு பெற்ற தபால்காரர், அவரும் அப்படியே. யார் காதில் சொல்வது, யார் காதில் சொல்லாமல் விடுவது? “அவசரப்படாதீங்க” என்றுகூடச் சொல்லாமல் டாக்டர் தன் அறைக்குத் திரும்பினார்.

கூட்டம் புதன்கிழமை. நீள மேசை, ஆறு தண்ணீர் டம்ளர், குளிரூட்டியின் சத்தம். டாக்டர் கடிதத்தின் நகலை மேசை நடுவே வைத்தார்.

“இது அறிக்கையில வரணும்.”

முதலாளி அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. “பேசிட்டிருக்கோம்டா. ரெண்டு மாசத்துல வழிக்கு வந்துடுவாங்க. இப்ப எழுதினா புதுப் பங்கை எவன் வாங்குவான்?”

“யாரும் வாங்க மாட்டாங்க. அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்.”

சம்பந்தி செருமிக்கொண்டார். “ஏன் டாக்டர், நோயாளிகிட்ட நீங்க எல்லாத்தையும் போட்டு உடைச்சிடறீங்களா?”

“இல்லதான். ஆனா சீட்டுல வேற வியாதி பேரை எழுத மாட்டேன்.”

வாக்கெடுப்பு, வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். அந்த அறையில் அதுவரை யாரும் கை தூக்கியதே இல்லை. எழுப்பிவிடப்பட்ட நீதிபதி எதற்கென்று தெரியாமலே முதலில் தூக்கினார். மகன் போனிலிருந்து தலை நிமிராமல் தூக்கினான். ஐந்து கைகள் ஒரு பக்கம்.

“அப்போ நான் விலகறேன்,” என்றார் டாக்டர்.

முதலாளி அவரைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்தார். நாற்பது வருடமாக அந்தக் கை அந்தத் தோளில் அப்படித்தான் விழும். டாக்டரின் அப்பா இறந்தபோது சுடுகாடுவரை கூடவே வந்த கை. அதைத் தட்டிவிட டாக்டருக்கு மனம் வரவில்லை.

“போறதுன்னா போ. உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. மரியாதையா முடிஞ்சுடும். ஊருக்கெல்லாம் லீவுச் சீட்டு எழுதறே, உனக்கு ஒண்ணு எழுதிக்க மாட்டியா?”

“எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு.”

“எனக்காகடா.”

டாக்டர் படியிறங்கிவிட்டார். விலகும் வெளியாள் காரணம் எழுதினால் கம்பெனி அதை ஒரு எழுத்து மாற்றாமல் பங்குச் சந்தையில் வெளியிட வேண்டும் என்று தணிக்கையாளர் சொல்லியிருந்தார். டாக்டர் எழுதினார். மருந்துக் கடைக்காரர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற தன் கிறுக்கலை விட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடிதம் வந்த தேதி, அதில் இருந்த இரண்டு வரி, அது அறிக்கையில் இல்லை என்பது, தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது.

வெள்ளிக்கிழமை அது வெளிவந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பங்கு பாதி விலைக்குக் கீழே போனது. புதுப் பங்கு வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். முதலாளி ஒரே ஒரு தடவை போன் செய்தார். “நல்லா இருடா,” என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று டாக்டருக்கு இருந்தது.

திங்கட்கிழமை சிஸ்டர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். காலை முழுக்க ஊசி போட்டார், கட்டுப் போட்டார், டோக்கன் கூப்பிட்டார். கடைசி நோயாளி போனதும் அறை வாசலில் வந்து நின்றார்.

“புதுப் பங்குக்குப் போட வெச்சிருந்த காசு தப்பிச்சுது, டாக்டர். பழசெல்லாம் போச்சு.”

“பழசா? எவ்வளவு காலமா?”

“நீங்க சேர்ந்ததுலேர்ந்து. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா.”

“உங்ககிட்ட மட்டும் முன்னாடியே சொல்லக் கூடாது, சிஸ்டர். மத்தவங்களுக்கு...”

“போன வாரத்தைக் கேக்கல. அது எனக்குப் புரியுது.” சிஸ்டரின் குரல் உயரவில்லை. “வருஷா வருஷம் அந்தத் தாளை நான்தான் உங்க முன்னாடி வெச்சேன். வீட்டுக்குப் போய் அக்காகிட்ட சொல்லுவேன், நம்ம டாக்டர் பார்த்துட்டாரு, இனி நமக்கென்ன பயம்னு. ஒரு வருஷமாவது படிச்சுப் பார்த்தீங்களா?”

படித்தேன் என்று சொன்னால் சிஸ்டர் நம்பிவிடுவார். அதுதான் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

“இல்ல சிஸ்டர். ஒரு வருஷம்கூடப் படிக்கல.”

சிஸ்டர் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

“அக்காகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க, டாக்டர்,” என்றார். “நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”